பாதிச் சங்கமும் முழுச் சங்கமும்

ஆலைத் தொழிலாளர் சங்கங்களால் தேசத்துக்கு நன்மையா, தீமையா என்னும் விவகாரம் நம் நாட்டில் நூறு வருஷங்களுக்கு மேலாக நடந்து வருகிறது. சங்கமில்லாத தொழிலாளி அடிமையே என்பர் ஒரு சாரார். சங்கம் புகுந்த ஆலை உருப்படாது, புதிய முதல் அவ்வூர்ப் பக்கம் தலைகாட்டாது என்பர் மற்றொரு சாரார். இரு சாரார் கையிலும் உதாரணங்கள் உண்டு, அவை பொய்யுமல்ல. நாம் தொழிலாளர் பக்கத்தில் நிற்பவர்களே. ஆயினும் நண்பனுடைய குறையை மூடி மறைப்பது நட்பாகாது. எனவே இரு தரப்பு வழக்கையும் எடுத்து ஆராய்ந்து, நமக்குத் தோன்றும் முடிவைப் பொதுஜனத் தொண்டிலே ஈடுபட்டிருக்கும் வாசகர்கள் முன் வைக்கிறோம்.

சங்கம் எதற்கு என்பதை முதலில் பார்ப்போம். கூலி என்பது முதலாளியும் தொழிலாளியும் மனமொப்பிச் செய்துகொள்ளும் உடன்படிக்கை என்று சட்டம் சொல்லுகிறது. ஆனால் மனமொப்புதற்கு இருவருக்கும் மறுக்கும் சக்தி இருத்தல் வேண்டும். ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலையிலே ஒருவன் கூலி போதாதென்று நின்றுவிட்டால், ஆலைக்கு ஆயிரத்தில் ஒரு பங்கே நஷ்டம். மறுநாள் வேறொருவன் வந்துவிடுவான். நின்றவனுக்கோ அடுப்பெரியாது. ஆலை மாதக்கணக்கிற் பொறுக்கும். அவன் வாரக்கணக்கிற்கூடப் பொறுக்கமாட்டான். இவ்வளவு ஏற்றத்தாழ்வுள்ள இருவர் செய்துகொள்வது உடன்படிக்கையன்று. ஒருவன் சொல்ல மற்றவன் தலையசைப்பதேயாம். ஆயிரவரும் ஒருவராய்ப் பேசும்போதுதான் தராசு நேராகிறது. சங்கத்தின் தத்துவம் முழுவதும் இதில் அடங்கும்.

சென்னைப் பெரம்பூரில் 1918ஆம் வருஷம் ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய வரலாற்றை நம்மவர் மறத்தலாகாது. ஸ்ரீமான்கள் செல்வபதி செட்டியார், ராமாநுஜலு நாயுடு என்னும் இரு வியாபாரிகள், பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர் படும் பாட்டைக் கண்டு மனமிரங்கி, ஸ்ரீமான் பி. பி. வாடியாவை நாடினர். அவர் தலைவரானார், ஸ்ரீமான் திரு. வி. கலியாணசுந்தர முதலியாரும் துணை நின்றார். அப்போது எழுந்த முதற் குறைகளில் ஒன்று யாதெனில், நடுப்பகல் உணவுக்கு அரைமணியே கிடைத்தது என்பதாகும். அந்த அரைமணிக்குள் வெளியே வந்து, கைகழுவி, உண்டு, திரும்ப வேண்டும். சங்கம் கேட்ட பின்னரே அது 40 நிமிஷமாயிற்று. பத்து நிமிஷம் அற்பந்தானே என்று எண்ணுவோர், நின்றபடி சோற்றை விழுங்கிவிட்டு ஓடியவர்கள் அல்லர். தனித்தனியே முறையிட்டுக் கிடைக்காதது, ஒரு வாயாகக் கேட்டபோது கிடைத்தது.

வேலை நேரத்தின் சரித்திரமும் இதையே கூறும். 1911ஆம் வருஷத்துச் சட்டத்தில் நெசவாலையில் வேலை செய்யும் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு 12 மணி. 1922-இல் வாரத்துக்கு 60 மணியாயிற்று. 1934-இல் 54 மணியாயிற்று. 1946-இல் 48 மணியாயிற்று. இக்குறைவு எதுவும் கேளாமல் வந்ததன்று. தமிழ்நாட்டுச் சட்டசபையில் 2023 ஏப்ரல் மாதம் 21ஆம் தேதி, ஆலைகளில் நாளொன்றுக்கு 12 மணி வரை வேலை வாங்க இடந்தரும் மசோதா ஒன்று நிறைவேறியது. பல கக்ஷிகளைச் சார்ந்த தொழிற்சங்கங்களும் ஒருமித்து எதிர்க்கவே, மூன்று நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று வாபஸாயிற்று. அந்த மே தினம், ஸ்ரீமான் சிங்காரவேலு செட்டியார் 1923-இல் சென்னைக் கடற்கரையில் முதன்முதலாகக் கொண்டாடிய மே தினத்தின் நூறாவது ஆண்டு நிறைவுமாகும்.

போராட்டம் வேறு, சங்கம் வேறு என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் 1908 பிப்ரவரி 27ஆம் தேதி வேலைநிறுத்தம் செய்தனர். ஸ்ரீமான்கள் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் ஊக்கமளித்தனர், ஊரார் உதவினர். ஒன்பதே நாளில் கூலி உயர்வுக்கும் வார ஓய்வுக்கும் நிர்வாகம் இசைந்தது. ஆனால் மார்ச் மாதம் 12ஆம் தேதி தலைவர்கள் சிறைப்பட்டனர். தொழிலாளர் அதற்காகவும் வேலையை நிறுத்தித் தம் நன்றியைக் காட்டினர். எனினும் தலைவர்கள் இல்லாதபோதும் நின்று நடத்தும் ஸ்தாபனம் அங்கே இல்லை. வெற்றியைப் பெற்றுத்தர ஒரு வீரர் போதும். பெற்ற வெற்றியைக் காக்கச் சங்கம் வேண்டும்.

சங்கமில்லாமையால் முதலாளிக்கு லாபம் என்று எண்ணுவோர்க்கு நம் காலத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொல்வோம். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கைபேசிகளைப் பூட்டும் ஆலையொன்றில் பல்லாயிரம் இளம் பெண்கள் வேலை செய்கின்றனர். 2021 டிசம்பரில், அவர்களை வைத்திருந்த விடுதியொன்றின் உணவு நஞ்சாகி, நூற்றைம்பதுக்கு மேற்பட்டவர் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டனர். யார் எங்கே இருக்கிறார், எப்படி இருக்கிறார் என்று கேட்டறிந்து மற்றவருக்குச் சொல்ல அவர்களுக்குள் நம்பிக்கைக்குரிய ஸ்தாபனம் இல்லை. சிலர் மாண்டனர் என்ற வதந்தி பரவியது, அது பொய். ஆனால் அந்தப் பொய்யை மறுத்துச் சொல்லவும் நம்பத்தக்கவர் இல்லை. நள்ளிரவில் பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து விட்டனர். ஆலை மூன்று வாரங்களுக்கு மேல் மூடிக் கிடந்தது. உணவு கெட்டிருக்கிறது என்று முந்தின மாதமே கேட்டு வாங்கிச் சொல்லும் சங்கம் ஒன்று இருந்திருப்பின், விஷயம் ஒரு மேஜையைச் சுற்றி முடிந்திருக்கக் கூடும். குறையைச் சொல்ல வாயில் இல்லாத வீட்டில், குறை சுவரை உடைத்துக்கொண்டு வெளிவருகிறது.

எதிர்த் தரப்பு வழக்கு

இனி, சங்கங்களின் மேல் சாட்டப்படும் குற்றங்களைக் கேட்போம். சங்கம் கூலியை உயர்த்தி உற்பத்திச் செலவைக் கூட்டுகிறது. புதிய யந்திரம் வந்தால் ஆட்குறைப்பாகுமென்று தடுக்கிறது. சோம்பேறியையும் ஒழுங்கீனனையும் உறுப்பினன் என்ற காரணத்துக்காகவே காக்கிறது. ஆலைக்குச் சம்பந்தமில்லாத வெளியார் தலைவராகி, தம் கக்ஷியின் லாபத்துக்குத் தொழிலாளரின் வயிற்றைப் பணயம் வைக்கின்றனர். ஒரே ஆலையில் நான்கு சங்கங்கள் தோன்றித் தம்முள் பூசலிடுகின்றன. இக்குற்றங்களில் எதையும் முற்றும் பொய்யென்று நாம் சொல்லத் துணியோம். ஒவ்வொன்றுக்கும் சான்று உண்டு. சான்றுகளுள் பெரியவை இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று சென்னையைச் சேர்ந்தது, மற்றொன்று பம்பாயைச் சேர்ந்தது.

1921ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் பெரம்பூர் ஆலைகளில் பெரிய வேலைநிறுத்தம் தொடங்கியது. மூன்று வருஷத்துப் பிள்ளையாகிய சங்கம் அதை நடத்தியது. ஆதி திராவிடத் தொழிலாளரிற் பெரும்பாலோர் அதிற் சேராமல் வேலைக்குச் சென்றனர். கடன் கொடுப்பாரும் இன்றி, ஊரில் நிலமும் இன்றி, ஆலைக் கூலி ஒன்றையே நம்பியவர்கள் அவர்கள். நீண்ட பட்டினியைத் தாங்கும் சக்தி யாருக்குக் குறைவோ அவர்களுக்கே அது மிகக் குறைவாயிருந்தது. சங்கம் அவர்களைத் தேடிச் சென்று தன்னவராக்கியிருக்க வேண்டும். நடந்ததோ வேறு. தொழிலாளி–முதலாளி வழக்கு, ஜாதி ஹிந்து–ஆதி திராவிடர் கலகமாக மாறியது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, கல்லும் தடியும் பறந்தன, போலீஸார் துப்பாக்கியும் பேசியது, உயிர்கள் மாண்டன. அக்டோபர் மாதத்தில், கேட்டது எதையும் பெறாமல் தொழிலாளர் திரும்பினர். அச்சங்கம் அவ்வடியிலிருந்து எழப் பல வருஷங்களாயின. முதலாளியின் பலம் பெரிதுதான். ஆனால் சங்கத்தைப் பிளந்த ஆப்பு முதலாளி கொண்டுவந்ததன்று. அது சேரிக்கும் ஊருக்கும் நடுவே நெடுங்காலமாக இருந்தது. சங்கம் அதைப் பிடுங்காமல் அதன்மேலேயே கூரை போட்டது.

பம்பாயின் கதை இன்னும் பெரிது. 1982 ஜனவரி 18ஆம் தேதி, அறுபதுக்கு மேற்பட்ட நெசவாலைகளைச் சேர்ந்த சுமார் 2½ லட்சம் தொழிலாளர், டாக்டர் தத்தா சாமந்தின் தலைமையில் வேலையை நிறுத்தினர். அவர்கள் சார்பாகப் பேசும் உரிமை அவருக்குச் சட்டப்படி இல்லை. 1946ஆம் வருஷத்துப் பம்பாய்ச் சட்டம் ஒரு தொழிலுக்கு ஒரு பிரதிநிதிச் சங்கம் என்று விதித்து, அவ்வுரிமையை ராஷ்ட்ரீய மில் மஜ்தூர் சங்கத்துக்கு அளித்திருந்தது. தொழிலாளரின் மனம் ஓரிடத்திலும், சட்டத்தின் முத்திரை வேறிடத்திலும் இருந்தன. முதலாளிமார் முத்திரையுள்ளவரோடுதான் பேசுவோம் என்றனர். தொழிலாளர் தாம் நம்பியவரை விடமாட்டோம் என்றனர். மாதங்கள் கழிந்தன. ஆலைகள் நின்ற காலத்தில் பிவண்டி முதலிய இடங்களின் விசைத்தறிகள் துணியை நெய்து சந்தையை நிரப்பின. அவ்வேலைநிறுத்தம் முறைப்படி முடிக்கப்படவேயில்லை. லட்சத்துக்கு மேற்பட்டோர் வேலையிழந்தனர். பின்வாங்கும் வழியைக் குறித்துக்கொள்ளாமல் போருக்குப் போவது வீரமாகாது என்பதை இது காட்டுகிறது; தலைவரின் பிழையை நாம் மறைக்கவில்லை. ஆனால் தொழிலாளர் தேர்ந்தவரைத் தொழிலாளரின் பிரதிநிதியாக ஏற்க மறுத்த சட்டத்தின் பிழையையும் மறைப்பதற்கில்லை.

2012 ஜூலை 18ஆம் தேதி ஹரியானாவில் மானேசர் மோட்டார் ஆலையில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். அங்கே வன்முறை மூண்டு அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். எந்தக் குறையும் அக்கொலையை நியாயமாக்காது. 148 பேர் மீது வழக்கு நடந்து, 2017-இல் 117 பேர் விடுதலையானார்கள். 31 பேர் குற்றவாளிகளாயினர். அவருள் 13 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. விடுதலையானவரிற் பலர் ஆண்டுக்கணக்கில் சிறையிலிருந்த பின்னரே வெளிவந்தனர். தாம் விரும்பிய சங்கத்தை அமைக்க இடங்கொடாமையும், ஒப்பந்தத் தொழிலாளரின் குறைந்த கூலியும் அதற்கு முந்தின வருஷத்தில் அவ்வாலையில் பலமுறை வேலைநிறுத்தத்தை எழுப்பியிருந்தன. ஒரே நாளின் வெறி, சங்கத்தையும் தொழிலாளரின் நற்பெயரையும் சேர்த்தே எரித்தது.

சங்கத்தால் ஆலைகள் மூடப்படுகின்றன என்பதே யாவற்றிலும் பெரிய குற்றச்சாட்டு. இதைச் சோதிக்க ஆமதாபாத்தைப் பார்க்க வேண்டும். 1918-இல் அங்கே பிளேக் காலத்து அதிகப்படி நிறுத்தப்பட்டபோது தொழிலாளர் 100-க்கு 35 உயர்வு கேட்டனர். முதலாளிமார் 20-க்கு மேல் தரமாட்டோம் என்றனர். மகாத்மா காந்தி உபவாசமிருந்தார். ஸ்ரீமதி அனசூயா சாராபாய் தொழிலாளர் பக்கம் நின்றார். முதலாளிமாரின் தலைவரோ அவருடைய சொந்தச் சகோதரர். முடிவில் வழக்கு மத்தியஸ்தத்துக்கு விடப்பட்டு 35 கிடைத்தது. 1920-இல் தோன்றிய மஜூர் மகாஜன் சங்கம் அந்த மத்தியஸ்த முறையையே தன் வழியாகக் கொண்டு, அரைநூற்றாண்டுக்கு மேல் சாந்தமாகத் தொழில் நடத்த உதவியது. ஆயினும் 1980க்குப் பின் ஆமதாபாத்தின் ஆலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பம்பாய் பூசலிட்டது, ஆமதாபாத் பொறுத்தது. இரண்டிடத்தும் புகைபோக்கிகள் அணைந்தன. பெரம்பூர் ஆலைகளும் 1996-இல் மூடப்பட்டன. பழைய யந்திரங்களை மாற்றாமை, குறைந்த கூலிக்கு நெய்யும் விசைத்தறிகளின் போட்டி, ஆலை நிலத்தின் விலையேற்றம் ஆகியவற்றை விட்டுவிட்டுப் பழி முழுவதையும் சங்கத்தின் தலையில் ஏற்றுவது சரித்திரமாகாது. சங்கம் நோயை விரைவுபடுத்தியிருக்கலாம், நோய் சங்கமன்று.

நமது முடிவு

மேற்சொன்ன சான்றுகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது நமக்கு ஓர் உண்மை தெளிவாகத் தோன்றுகிறது. சங்கத்தால் விளைந்த தீமைகள் என்று காட்டப்படுபவற்றுள் பெரியவை, சங்கம் பாதியாக இருந்ததால் விளைந்தவை. 1921-இல் தொழிலாளரில் ஒரு பகுதியாரை வெளியே விட்டது பாதிச் சங்கம். 1982-இல் ஒரு பக்கம் ஆளின்றி முத்திரை மட்டுமுள்ள சங்கம், மற்றொரு பக்கம் முத்திரையின்றி ஆள் மட்டுமுள்ள சங்கம், இரண்டும் பாதி. கூலியை மட்டும் கேட்டு, யந்திரத்தின் நிலையையும் கணக்குப் புத்தகத்தையும் கேளாதிருந்ததும் பாதிச் சங்கமே.

இன்றைய பாதிச் சங்கம் எது? ஒப்பந்தத் தொழிலாளரை வெளியே நிறுத்தும் சங்கம். சர்க்காரின் வருஷாந்தரத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி ஆலைத் தொழிலாளரில் பத்துப் பேருக்கு நால்வர் அளவில் ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்கள். ஒரே யந்திரத்தின் இரு பக்கத்தில் நின்று ஒரே வேலையைச் செய்யும் இருவரில், ஒருவருக்குச் சங்கமும் சம்பள உயர்வும் உண்டு. மற்றவருக்கு நாளைக்கு வேலை உண்டா என்பதே நிச்சயமில்லை. அவரிற் பலர் ஒடிஸாவிலிருந்தும் பிஹாரிலிருந்தும் வந்தவர்கள். நம் பாஷை தெரியாதவர்கள். நிரந்தரத் தொழிலாளரின் கூலி உயர உயர, முதலாளி அவரைக் குறைத்து ஒப்பந்தத் தொழிலாளரைக் கூட்டுகிறார். சங்கம் சுவர் எழுப்பித் தன்னைக் காத்துக்கொண்டதாக எண்ணுகிறது; அச்சுவருக்குள் ஆள் குறைந்துகொண்டே வருகிறது. 1921-இல் சேரி இருந்த இடத்தில் இன்று ஒப்பந்தத் தொழிலாளியின் விடுதி இருக்கிறது. அன்று செய்த பிழையை இன்றும் செய்வோமாயின், அன்று கண்ட பலனையே இன்றும் காண்போம்.

அங்கீகாரத்தைப் பற்றியும் சில வார்த்தைகள். 1918க்குப் பின் பெரம்பூர் ஆலைக் கம்பெனியார் ஹைக்கோர்ட்டில் வழக்கிட்டு ஸ்ரீமான் வாடியா முதலியோர் மீது தடையுத்தரவு பெற்றனர். சங்கம் நடத்துவதே நஷ்டஈட்டுக்குரிய செயல்போல் ஆயிற்று. அதன் பின்னரே ஸ்ரீமான் என். எம். ஜோஷி மத்திய சட்டசபையில் 1921-இல் தீர்மானம் கொண்டுவந்தார்; 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. அச்சட்டம் பதிவைத் தந்தது. முதலாளி அங்கீகரித்தே தீரவேண்டும் என்று விதிக்கவில்லை. அதற்கென 1947-இல் செய்த திருத்தம் அமலுக்கு வரவேயில்லை. 2024 செப்டம்பர் 9ஆம் தேதி சுங்குவார்சத்திரத்திலுள்ள சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் 37 நாள் வேலையை நிறுத்தியதற்குக் கூலியோடு சங்கத்தின் அங்கீகாரமும் முக்கிய காரணம். அச்சங்கம் 2025 ஜனவரி 27ஆம் தேதிதான் பதிவாயிற்று. நூறு வருஷத்துக்கு முன் பெரம்பூரில் எழுந்த கேள்வியே, முப்பது மைலுக்குள் இருக்கும் மற்றோர் ஊரில் மறுபடியும் எழுந்தது.

2025 நவம்பர் 21ஆம் தேதி அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு, ஆலையின் பெயர்ப்பட்டியலிலுள்ள தொழிலாளரில் 100-க்கு 51 பேரைக் கொண்ட சங்கத்தைப் பேச்சுவார்த்தைக்குரிய சங்கமாக ஏற்கச் சொல்லுகிறது. இது வரவேற்கத்தக்கது, பெரும்பான்மையோரின் சங்கத்துக்கு முத்திரையும் கிடைக்க வழியுண்டு. ஆனால் அதே சட்டம், எல்லாத் தொழிற்சாலைகளிலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டுமென்கிறது. சர்க்காரின் அனுமதியின்றி ஆட்குறைப்பும் ஆலைமூடலும் செய்யக்கூடிய ஆலைகளின் வரம்பை 100 தொழிலாளரிலிருந்து 300 வரை உயர்த்தியிருக்கிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுப்பது என்பது இதுதான். மேலும், ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர் பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் பட்டியலில் இருக்குமேயன்றி ஆலையின் பட்டியலில் இராது. ஆகவே 51-க்குள் அவர் எண்ணப்படமாட்டார். சட்டம் எண்ணாதவரைச் சங்கமாவது எண்ண வேண்டும்.

முதலாளிமாருக்கு நாம் சொல்வது சுருக்கமானது. சங்கத்தை மறுத்தால் சங்கம் இல்லாமற் போய்விடாது. பொறுப்புள்ள சங்கம் வருவதற்குரிய இடத்தில் வதந்தியும் கோபமும் வந்து உட்காரும். பேச ஆளிருக்கும் ஆலையே நிம்மதியான ஆலை.

தொழிலாளர் தலைவர்களுக்கும் தேசத் தொண்டர்களுக்கும் சொல்ல வேண்டியது சற்று அதிகம். ஆலை வாயிலில் நின்று கொடி நடுவது எளிது. ஒப்பந்தத் தொழிலாளியையும், பெண் தொழிலாளியையும், வேறு பாஷை பேசுபவரையும் உறுப்பினராக்கி, நிர்வாகக் குழுவில் அவர்களுக்கு இடமளிப்பது கடினம், அதைச் செய்யுங்கள். சங்கத்தின் வரவுசெலவை உறுப்பினர் யாவரும் வாசிக்கும்படி மாதந்தோறும் வெளியிடுங்கள். யந்திரத்தை எதிர்க்காதீர்கள், யந்திரம் வரும்போது தொழிலாளிக்குப் புதிய பயிற்சியும் லாபத்தில் பங்கும் கேளுங்கள். வேலைநிறுத்தத்தைக் கடைசி ஆயுதமாக வையுங்கள்; எடுக்குமுன் நிதியையும், முடிக்கும் வழியையும் எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் கக்ஷிக்கும் தொழிலாளியின் அடுப்புக்கும் முரண் வந்தால், அடுப்பின் பக்கம் நில்லுங்கள். தலைமையை ஆலைக்குள்ளிருந்தே வளர்த்து, உங்கள் துணையின்றியே சங்கம் நடக்கும் நாளை நோக்கி உழையுங்கள்.

ஆலைத் தொழில் இன்றித் தேசத்துக்குச் செல்வமில்லை. தொழிலாளிக்கு மானமின்றி அச்செல்வத்துக்குப் பெருமையில்லை. இவ்விரண்டையும் சேர்த்துக் காக்கவல்லது முழுச் சங்கம் ஒன்றே. புளியந்தோப்பில் எரிந்த குடிசைகளின் சாம்பலிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் நூறு வருஷமாகக் காத்திருக்கிறது. இனியும் அதைக் காக்கவைப்பது நியாயமன்று.